சாசோன் முராத் பேசாதிருந்த மூன்று நாள்

ராமத் கானில், பாக்தாதிலிருந்து வந்த யூதர்கள் நிறைந்த அந்தத் தெருவில், எந்தத் துக்க வீட்டிலும் சாசோன் முராத்தின் குரல் கேட்காமல் இருந்ததில்லை. பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேதமும் இலக்கணமும் கற்பித்தவர். பிறர் அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவருவார்கள். அவர் ‘தேற்றுதல்’ என்பதற்கான எபிரேயச் சொல்லின் வேரைக் கொண்டுவருவார். மனிதனைப் படைத்ததற்காக இறைவன் மனம் வருந்தினான் என்று சொல்லும் இடத்தில் வரும் வேர்ச்சொல்லே, தாயை இழந்த மகன் மணமுடித்துத் தேறினான் என்னும் இடத்திலும் வருகிறது. ஆகவே தேறுவது என்பது துயரம் குறைவதன்று, மனம் திசை மாறுவது என்று விளக்குவார். கேட்பவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அந்த விளக்கம்தான் அவருடைய ஒரே நண்பனைப் பறித்தது. குர்ஜி ஷாஷாவும் அவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, அகதி முகாமில் ஒரே கூடாரத்தில் இரண்டு குளிர்காலம் படுத்தவர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் குர்ஜியின் தாய் இறந்தபோது, துக்கப்படுபவர் வாய் திறக்கும்வரை தேற்ற வந்தவர் பேசலாகாது என்ற முறையை மறந்து, குட்டை முக்காலியில் அமர்ந்திருந்த நண்பனிடம் சாசோன் வேர்ச்சொல்லை எடுத்துவிட்டார். “எங்கம்மா உனக்குப் பாடப் புத்தகமா? எழுந்து போடா!” என்றார் குர்ஜி. அன்றோடு முடிந்தது. ஒரே கட்டடத்தில், ஒருவருக்கு மேல்மாடியில் ஒருவர் வாழ்ந்தும் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள்.

இப்போது குர்ஜியின் மனைவி மார்செல் இறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அடக்கம். சனியும் ஞாயிறும் சாசோன் தம் வீட்டுக் கூடத்தில் நடந்தபடியே இருந்தார். ஏழு நாள் துக்க வாரத்துக்குள் குர்ஜி தம்மோடு ஒரு சொல் பேசிவிட்டால் பழையது திரும்பும். வாரம் முடிந்தால் இனி எந்தக் காரணத்தைச் சொல்லி அந்தக் கதவைத் தட்டுவது?

“அபூ சலீம், தரை தேயுது. போய்ட்டு வாங்க,” என்றாள், மகன் பெயரைச் சொல்லியே கணவரை அழைக்கும் மனைவி நஜீபா. “வாயத் திறக்காம உக்காந்திருங்க. உங்களால முடியாது, இருந்தாலும் போங்க.”

“அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா?”

“பின்னந்தலையப் பாத்துட்டு வாங்க.”

திங்களன்று போனார். கதவைத் திறந்த குர்ஜியின் மகள் அஹூவா தாழ்ந்த குரலில் சொன்னாள்: “வாங்க மாமா. அடக்கம் முடிஞ்சதுலேர்ந்து அப்பா யார்கிட்டயும் பேசல. தூங்கவும் இல்ல.”

துக்க முறைப்படி கண்ணாடிகள் துணியால் மூடப்பட்டிருந்தன. சட்டைக் கழுத்து கிழிந்திருக்க, குர்ஜி குட்டை முக்காலியில் குனிந்திருந்தார். எட்டுப் பேர் மௌனமாக அமர்ந்திருந்தார்கள். சாசோனுக்குக் கால் தானாக ஆடியது. முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டார். தரைக்கல் எத்தனை என்று எண்ணினார். எண்ணிக்கை தவறி மீண்டும் எண்ணினார். பத்து நிமிடத்தில் குர்ஜி நிமிர்ந்து ஒருமுறை தலையசைத்தார். துக்கப்படுபவர் தலையசைத்தபின் தேற்ற வந்தவர்கள் அங்கே அமர்ந்திருக்கக் கூடாது. “வானத்திலிருந்து உங்களுக்குத் தேற்றரவு வரட்டும்” என்று முணுமுணுத்து எல்லோரும் எழுந்தார்கள்.

செவ்வாயன்றும் அதேதான். படிக்கட்டில் தையற்காரர் ஹெஸ்கேல் சீண்டினார்: “என்ன வாத்தியாரே, பல் வலியா? சத்தத்தையே காணோம்.”

சாசோன் படியிறங்கிப் போய்விட்டார். தேற்றுவதற்கு வேதத்தில் வரும் இன்னொரு சொல் இரவெல்லாம் அவரை அரித்தது. தலையை அசைப்பது என்பது அதன் முதற்பொருள். தம்பியைக் கொன்றவன் நிலைகொள்ளாமல் அலைந்ததையும் வேதம் அதே வேரால்தான் சொல்கிறது. அந்தக் கொலைகாரனைப் போலத்தான் தாமும் மாடிப்படியில் ஏறி இறங்குவதாக அவருக்குத் தோன்றியது.

புதன் மாலை. மறுநாள் காலைத் தொழுகையோடு துக்க வாரம் முடிந்து குர்ஜி முக்காலியைவிட்டு எழுந்துவிடுவார். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். சிறிது நேரத்தில் குர்ஜியின் தலை முன்னோக்கி அசைந்தது. ஹெஸ்கேல் உடனே எழுந்தார்; மற்றவர்களும் எழுந்தார்கள்.

சாசோன் பாதி எழுந்தவர் குர்ஜியின் கையைப் பார்த்தார். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தது. கூடாரத்தில் மழை ஒழுகிய நாட்களில், உட்கார்ந்தபடி உறங்கும்போது மட்டுமே குர்ஜி அப்படி விரலை மடக்குவார். இது விடைகொடுத்த அசைவன்று. ஆறு நாள் விழித்தவனின் தலை சரிந்தது.

“கிளம்புங்க வாத்தியாரே, தலையாட்டியாச்சுல்ல?” என்று ஹெஸ்கேல் கிசுகிசுத்தார்.

வாயைத் திறந்து விளக்கினால் குர்ஜி விழித்துவிடுவார். விளக்காவிட்டால் முறை தெரியாதவர் என்ற பெயர் வரும். சாசோன் உட்கார்ந்தார். ஹெஸ்கேல் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கால் மரத்தது. இருமல் தொண்டைவரை வந்தது. சட்டைக் கையைக் கடித்து அடக்கினார். விழித்ததும் தம்மைக் கண்டு “போடா” என்பானோ என்ற எண்ணம் எழுந்து போகத் தூண்டியது. தனியாக விழிப்பானே என்ற எண்ணம் பிடித்து நிறுத்தியது. சமையலறை வாசலில் அஹூவா பருப்புக் கிண்ணத்தோடு நின்றுவிட்டுத் திரும்பினாள்.

குர்ஜி திடுக்கிட்டு நிமிர்ந்தார். வெற்று நாற்காலிகளைப் பார்த்தார்; சாசோனைப் பார்த்தார்.

“எல்லாரும் எங்க?”

அடக்கத்துக்குப்பின் அவர் பேசிய முதல் சொற்கள் அவை.

“போயிட்டாங்க. நீ தலையாட்டினேன்னு நினைச்சாங்க.”

“நீ மட்டும் ஏன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க?”

“நீ தூங்குன.”

குர்ஜி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “குறட்ட விட்டேனா?”

“நஜீபா கீழேர்ந்து வந்து கேக்காதது ஆச்சரியம்.”

“மார்செல் விலாவுல ஒரு இடி இடிப்பா,” என்று தொடங்கிய குர்ஜியின் குரல் உடைந்தது. “ஆறு நாளா இடிக்க ஆள் இல்லடா.” தோள்கள் குலுங்க அவர் உரக்க அழுதார்.

சாசோன் முக்காலியருகே நகர்ந்து உட்கார்ந்தார். தாம் கேட்பது தமக்கே வியப்பாக இருக்க, “கையாலயா, முழங்கையாலயா?” என்றார்.

“முழங்கையால. கத்தி மாதிரி இருக்கும் அவ முழங்கை. நீ பாத்ததில்ல?”

“இல்ல, சொல்லு.”

குர்ஜி சொன்னார். முழங்கையிலிருந்து அவள் கோபத்துக்கும், கோபத்திலிருந்து அவள் செய்யும் ஊறுகாய்க்கும் பேச்சு தாவியது. அஹூவா நீட்டிய கிண்ணத்தை வாங்கி, பேச்சின் நடுவே தின்றார். பொழுது சாய்ந்ததைக் கண்டு சாசோன் எழுந்தார்.

“உக்காருடா,” என்று குர்ஜி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். “கல்யாணத்தன்னிக்கு அவ பண்ணின கூத்த இன்னும் நான் சொல்லல.”