மாமாவின் கருகிய கேக்

எங்கள் கூத்தாநல்லூர் வீட்டில் எது கருகினாலும் அம்மாவுக்குத்தான் வசவு விழும். வேண்டுமென்றே ஒரு பண்டத்தைக் கருக்கி, அதற்குப் பெருமையும் பட்டுக்கொண்டவர் மாமா ஒருவர்தான். அவர் அம்மாவின் ஒரே தம்பி. துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில், ஸ்பெயின்காரர் ஒருவருக்குக் கீழே கேக் போடும் வேலை. ஊரில் யாராவது கேட்டால் மேனேஜர் என்று சொல்லும்படி எங்களுக்குக் கட்டளை.

நான் நாலாவது படித்த வருடம் லீவில் வந்தவர், இனிப் போவதில்லை, இங்கேயே பேக்கரி வைக்கப்போகிறேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். கேக் போடும் மின்சார அடுப்பு ஒன்று அவருக்கு முன்பே கார்கோவில் வந்து இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், பண்டம் பிடித்திருந்தால் இடமும் தந்து கூட்டும் சேருவதாகச் சொல்லியிருந்தார். அவர் சரி என்றால் மாமா ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் லீவு முடிந்ததும் விமானம் ஏறவேண்டியதுதான்.

எங்கள் வீட்டு நிலைமை வேறு. மாடி பாதியில் நின்றது. அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருடைய ஜவுளி வியாபாரம் படுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாமா அனுப்பியதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. போகமாட்டேன் என்று அவர் சொன்னபோது யாரும் கூடாது என்று சொல்லவில்லை. சந்தோஷம் என்றும் சொல்லவில்லை.

முதலாளி வருவதற்கு முந்தின நாள் மாமா எங்களுக்காக ஒரு கேக் போட்டார். ஸ்பெயினில் பாஸ்க் என்ற பகுதியின் சீஸ் கேக்காம். மற்ற சீஸ் கேக்குகளுக்கு அடியில் பிஸ்கட்டை நொறுக்கி மெத்தை போடுவார்களாம். வெந்நீர்த் தட்டில் வைத்து, சின்னச் சூட்டில் வேகவைப்பார்களாம். மேலே ஒரு கீறல் விழுந்தாலும் போட்டவருக்குத் திட்டு விழுமாம். இதற்கு மெத்தையும் கிடையாது, வெந்நீரும் கிடையாது. கசக்கி விரித்த காகிதத்தில் சீஸ் கலவையை ஊற்றி, அடுப்பை உச்சத்துக்குத் திருப்பிவிட்டார்.

லாத்தா என்றுதான் எங்களில் அக்காவைக் கூப்பிடுவோம். அம்மாவிடம் மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அதையெல்லாம் பச்சப்புள்ள மாதிரி பொத்திப் பொத்தி வேக வைக்கணும் லாத்தா. இத அப்படியே சூட்டுல தள்ளிடணும். மேல கறுத்துரும், உள்ள கொழகொழன்னு இருக்கும். அந்தக் கறுப்புதான் இதுக்கு உசுரு."

அடுப்புக்குள் உப்பி எழுந்த கேக், வெளியே வந்ததும் நடுவில் அமுங்கிப்போனது. அடிப்பிடித்துப் பார்த்திருக்கிறோம், உச்சியில் பிடித்து இப்போதுதான் பார்க்கிறோம் என்று அத்தா கேலி செய்தார். ஆறவைத்து வெட்டினால் உள்ளே சீம்பால் போல நடுங்கியது. நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓடிவிட்டேன். அம்மா ஒரு துண்டு தின்று, இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றாள். கறுப்பையும் விடவில்லை.

மறுநாள் இரண்டாவது கேக்கைப் போட்டு ஆறவைத்துவிட்டு, முதலாளியை அழைத்துவர மாமா கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அம்மா கத்தியை எடுத்தாள். கறுப்பு முழுவதையும் சுரண்டினாள். வெளுத்த மேல்பக்கத்தில் கடைத் தெருவில் வாங்கிய டூட்டி ஃப்ரூட்டியைத் தூவினாள். சுரண்டியதைக் கோழிக்குப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கொல்லைக்குப் போகிற வழியில் லேசாக நக்கிப் பார்த்தேன். முதலில் கசந்தது, பிறகு அப்படி ஒரு இனிப்பு. கோழிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

மாமா முதலாளியோடு வந்து உட்காருவதற்குள் அம்மா தட்டுகளில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். மேலே கறுப்பும் இல்லை, அடியில் மெத்தையும் இல்லை, கேக் சரிந்து கிடந்தது. முதலாளி ஒரு வாய் தின்று, கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"வேகல போலிருக்கே தம்பி."

மாமா வாய் திறக்கவில்லை. திறந்தால் வெளியாள் முன்னால் கூடப்பிறந்தவளைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். நம்ம ஊருக்குப் பப்ஸும் ரஸ்க்கும் போதும் என்று புத்தி சொல்லி, டீயைக் குடித்துவிட்டு முதலாளி போய்விட்டார்.

"நேத்து ரெண்டு துண்டு சாப்பிட்டீங்களே லாத்தா" என்றார் மாமா.

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நாம திங்கலாம். வர்ற மனுசருக்குக் கருகினதையா வைக்கிறது?" என்றாள்.

 மாமா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து மூடினார். எனக்கு மாமா மீதுதான் வருத்தம். அம்மா இவ்வளவு பாடுபட்டு மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று நினைத்தேன்.

மாடி அந்த வருடமே எழும்பியது. அக்காவின் கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. மாமா இன்னும் துபாயில்தான் இருக்கிறார். இப்போது தஞ்சாவூரிலேயே அந்தக் கேக்கைக் கறுப்போடு கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அவரைத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகக் கார் வந்த அன்று, அம்மா தெரு என்றும் பாராமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி மீது எவ்வளவு பாசம் பாருங்க என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பாசம்தான், அதில் பொய்யே இல்லை. அனுப்பி வைத்தவளாலேயே அப்படி அழவும் முடியும் என்பதுதான் அன்று எனக்குத் தெரியாது.