மரத்தில் அடைந்த மயில்

மயில் பார்க்க டிக்கெட் எடுத்துப் போன ஆட்கள் திருச்சுழிப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம், அப்பாவும் நானும். எங்கள் ஊரில் மயிலைக் கண்டால் யாரும் கும்பிட மாட்டார்கள், கல்லெடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கடலை விதைத்த மறுநாளே கூட்டமாக இறங்கி, உழவுச் சால் பிடித்தாற்போலக் கிளறித் தின்றுவிட்டுப் போய்விடும்.

ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒன்று வளர்ந்தது. களையெடுக்கப் போன அம்மா வரப்போரம் கிடந்த மயில் முட்டை இரண்டை மடியில் கட்டிக்கொண்டு வந்து, அடையில் இருந்த கோழிக்கு அடியில் வைத்துவிட்டாள். ஒன்று கூமுட்டையாகப் போனது. மற்றது பொரிந்து, கோழிக்குஞ்சுகளோடு குஞ்சாகத் திரிந்தது. ‘பா, பா’ என்று கூப்பிட்டால் ஓடிவந்து என் உள்ளங்கையில் கம்புத் தானியத்தைக் கொத்தும். அதன் காலில் நான் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தேன். சாயங்காலமானால் மட்டும் அதற்குப் புத்தி மாறிவிடும். கோழிகளெல்லாம் பஞ்சாரக் கூடைக்குள் அடையும்போது, அது போய் வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். தாய்க்கோழி கீழே நின்று கத்து கத்தென்று கத்தும்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசி விதைப்பு முடிந்த கையோடு அதைக் காணோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து தொண்டை வற்றக் கூப்பிட்டும் வரவில்லை. மயில் வளர்ப்பது குற்றமாம், பாரஸ்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டுபோய் ஜூவில் விட்டுவிட்டார்களாம் என்று அப்பா சொன்னார். நான் விடுவேனா? கூட்டிப் போனால்தான் ஆச்சு என்று சோறு தின்னாமல் படுத்தேன். அழுது அடம்பிடித்து, அரையாண்டு லீவில் ஜெயித்துவிட்டேன்.

நடந்தது வேறு. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். முந்தின வருஷம் மயில் தின்றுபோனதில், மறுபடி விதைக்க விதையில்லாமல் காடு தரிசாகக் கிடந்திருக்கிறது. இந்தத் தடவையும் போனால் பிழைப்பு ஏது என்று அப்பா கம்பைப் பூச்சிமருந்தில் புரட்டி வரப்பெல்லாம் இறைத்திருக்கிறார். “கோழியவெல்லாம் பஞ்சாரத்துல போட்டு மூடுனாக. மரத்துல கெடந்தத மறந்துட்டாக” என்றாள் அம்மா. கோழியோடு வளர்ந்ததை அப்பாவும் கோழியாகவேதான் நினைத்திருந்தார். மயிலுக்கு வைத்ததை அது தின்னும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வரப்பில் செத்துக் கிடந்ததன் காலில் இருந்த கயிற்றைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்ததாம்.

இதெல்லாம் தெரியாமல் நான் ஒரு கைப்பிடிக் கம்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். காரியாபட்டி வழியாக மதுரை, அங்கிருந்து இன்னொரு பஸ். ஜூவில் புள்ளிமான் இருந்தது, நரி இருந்தது, உடும்பு இருந்தது. எல்லாம் எங்கள் கண்மாய்க்கரையில் பார்த்தவைதான், இங்கே கம்பிக்குப் பின்னால் சோர்ந்து கிடந்தன. நரி போன தடத்திலேயே போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நெடுநேரம் நின்றார். மயில் கூண்டுக்குப் போவதைத் தள்ளிப்போடத்தான் நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஏழெட்டு மயில்கள் நின்றன. எதன் காலிலும் கயிறில்லை. எனக்கு அழுகை முட்டியது.

“இங்கன கயிறெல்லாம் கட்ட விடமாட்டாக தாயி. அவுத்திருப்பாக” என்றார் அப்பா.

கம்பியோரம் போய் ‘பா, பா’ என்றேன். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பெட்டை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தது. இரை தின்று பழகிய எந்தப் பறவையும் அப்படி வரும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பை அவிழ்த்து அப்பாவின் கையில் கொட்டி, போடச் சொன்னேன். அவர் கைதான் கம்பிக்குள் நன்றாக நீளும்.

மயில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அப்பா போடவில்லை.

“எதுவும் போடக்கூடாதுன்னு எழுதிருக்கு தாயி” என்று அங்கிருந்த பலகையைக் காட்டினார். ஒரு மணி சிந்தாமல் கம்பைத் திரும்ப என் கைக்குட்டையில் கொட்டினார். பிறகு கையை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். ஒரு பலகைக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று ஒரே கேலி. காரியாபட்டி தாண்டியதும் எனக்கே பாவமாகிவிட்டது. சமாதானம் பண்ணுகிற மாதிரி சொன்னேன்:

“அடுத்த தடவ யாருக்கும் தெரியாம போட்ருங்கப்பா. நீங்க போட்டா அது பயப்படாம திங்கும்.”

ஜன்னலோரம் இருந்த அப்பா தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, எட்டி ஷட்டரை இறக்கிவிட்டேன்.