வாசல்காவல் கிழவன்

அன்று வில்லாபுரம் பிரவுசிங் சென்டரில் இருந்தது மூன்றே பேர். கடைக்காரர் பாண்டி அண்ணன், என் கூட்டாளி சரவணன், நான்.

இன்று என் போனில், அன்று நாங்கள் அங்கே ஆடிய அதே ஆன்லைன் விளையாட்டின் புது அப்டேட். கதையில் எப்போதோ பலர் கையால் செத்துப்போன வாசல்காவல் கிழவனை உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள். ‘சின்ன வயசு ஞாபகம், அழுதுட்டேன்’ என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நான் விளையாட்டைத் திறக்கிறேன்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய வருஷம் அது. செருப்பை வெளியே விட்டு நுழைந்தால் ஏசிக் குளிரும் ஊதுபத்தி வாசனையும். மணிக்கு இருபது ரூபாய்; காசு பத்தாது என்று எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஐடி, காசு ஆளுக்குப் பாதி. முதல் வாளைத் தந்த அந்தக் கிழவன் மேல் சரவணனுக்கு உயிர். அன்றைய அப்டேட்டில் கிழவனைத் துரோகி என்றார்கள். கொல்லவா, விடவா என்று கேட்டது திரை. சரவணன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். எங்கள் ஒரு மணி நேரம் முடிந்து திரை அணைந்துவிடுமோ என்ற பதற்றத்தில் ‘கொல்’ என்பதை அழுத்திவிட்டேன்.

“யாரைக் கேட்டுடா அமுக்குன?” என்றான் திரும்பி வந்த சரவணன்.

“டைம் முடிஞ்சிரும்னு பயந்துட்டேன் மாப்ள.”

கீபோர்டைப் பிடுங்கி என் வாயிலேயே அடித்தான். முன்பல் உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. மறுபடியும் ஓங்கினான். பாண்டி அண்ணன் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

“செத்தது பொம்மைடா! இவனைக் கொன்னுபுடாத!”

“பொம்மையாண்ணே அது?” என்று கத்தி அழுதான் சரவணன்.

வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். என் பங்குக் காசையும் அவனே கட்டினானாம். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

திரையில் கிழவன் வாளை நீட்டிக்கொண்டு நிற்கிறான். வாங்கிக்கொள்ளத் துணிவில்லை. சரவணனுக்கு நான் தர வேண்டியது பத்து ரூபாய்.