‘சள்ளை’யும் ஒன்பது செயற்கூறுகளும்

‘சள்ளை’. பிறப்பு 1958, இறப்பு 2021. தொல்லை பிடித்தவர் என்று அலுவலகம் வைத்த பெயர் அது; பெற்றோர் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் மட்டுமே புழங்கியது.

அவர் முப்பதாண்டுகள் பேணிய மென்பொருள், ஒரு மொழியின் விதிகளைக் கொடுத்தால், அம்மொழியில் எழுதியதைப் பகுத்துப் படிக்கும் நிரலைத் தானே ஆக்கித் தரும். அதன் வயிற்றுக்குள் நாற்பத்தொரு உதவிச் செயற்கூறுகள், அதாவது ஆளுக்கொரு சிறுவேலை பார்க்கும் நிரல் துண்டுகள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் திருப்பியனுப்ப வேண்டும். முப்பத்திரண்டு, வெற்றிக்குப் பூஜ்யமும் பிழைக்கு மைனஸ் ஒன்றும் அனுப்பின. மற்ற ஒன்பதோ வெற்றிக்கு ஒன்றும் பிழைக்குப் பூஜ்யமும் அனுப்பின. ஒரே வீட்டில் ஒருவர் தலையசைத்தால் ‘ஆம்’, இன்னொருவர் அசைத்தால் ‘மாட்டேன்’ என்றால் குடும்பம் உருப்படுமா? வன்தட்டில் இடமின்றிப் புதிய நிரலை எழுத முடியாதபோதும் மென்பொருள் அந்தப் பிழையின் பூஜ்யத்தை வெற்றியென்று எடுத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று கூசாமல் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் பழைய நிரலையே புதியதென்று நம்பி ஓட்டிக்கொண்டிருந்தனர்.

ஓய்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒன்பதையும் மற்றவற்றின் வழிக்குக் கொண்டுவந்தார். உடனே மென்பொருளைச் சரிபார்க்கும் சோதனைகளில் அறுபத்துமூன்று குப்புற விழுந்தன.

“ஓடுற வண்டியில ஏன் சார் சக்கரத்தைக் கழட்டுறீங்க?” என்றார் குழுத் தலைவி.

“ஓடுதுன்னு யாரும்மா சொன்னது? அதுவாத்தான் சொல்லிக்குது.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் தேறணும். இல்லைன்னா பழையபடி மாத்திடுவேன். அப்புறம் நீங்க வீட்ல உட்கார்ந்து பேரனைத் திருத்துங்க.”

பழையபடி மாற்றினால் அந்தப் பொய் நிலைத்துவிடும். அவருக்குப் பின் அதைத் தொட ஆளில்லை. மூன்று நாள் வரிவரியாகத் துழாவினார். வியாழனன்று ஒரு மூலைக் கோப்பில், சோதனையின்போது மட்டும் அந்த ஒன்பதின் விடைகளையும் கமுக்கமாகத் தலைகீழாக்கும் நான்கு வரிகள் அகப்பட்டன. திருந்திய விடைகளையும் அவை விடாமல் கவிழ்த்துக்கொண்டிருந்தன. மேலே ஒரு குறிப்பு: ‘சள்ளையிடம் கேட்டால் அரைநாள் பிரசங்கம். திருப்பிப் போட்டுவிட்டேன்.’ பதினோராண்டுக்கு முந்தைய தேதி. கீழே தலைவியின் பெயர்.

அழைத்துத் திரையைக் காட்டினார். தலைவி இருமினார்.

“அப்ப நான் புதுசு சார்.”

“நான் என்ன அவ்வளவு நேரமா பேசுவேன்?”

“அரைநாள்னு குறைச்சுத்தான் சார் எழுதியிருக்கேன்.”

மறுநாள் காலை இருவரும் அமர்ந்து நான்கு வரிகளையும் நீக்கினர். சோதனைகள் யாவும் தேறின. பிறகு அவர் வன்தட்டை வேண்டுமென்றே நிரப்பி மென்பொருளை ஓட்டினார். ‘பிழை: எழுத இடமில்லை’ என்று திரையில் சிவப்பாக வந்தது.

“தோத்துடுச்சும்மா!” என்று கைதட்டினார். அடுத்த அறையினர் அனுதாபத்துடன் எட்டிப் பார்த்தனர்.

அவர் கைப்படப் பதிந்த கடைசித் திருத்தம் அதுவே: வெள்ளிக்கிழமை, 29 ஜூன் 2018.