சரஸ்வதிக்கு முன்னால் ஒரு பேஸ்போல்

எங்கள் வீட்டில் சாமித்தட்டு அப்பாவுடையது. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில், எங்கள் மாடிவீட்டில் குளிர்ச்சட்டைகள் தொங்கும் அலுமாரிக்குப் பக்கத்தில் அது இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது அப்பா, தேவாரம் பாடுவது அப்பா, பள்ளிக்கூடத்தில் இறைச்சி தின்றேனா என்று விசாரிப்பதும் அப்பா. அம்மா போகிற போக்கில் ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான். ஆகவே எனக்குப் பத்து வயதான அந்த நவராத்திரியில் அம்மாவுக்குத் திடீரென்று பக்தி முற்றியதைக் கண்டு வீடே வாயடைத்துப்போனது.

அந்தக் கோடையில்தான் நான் பேஸ்போல் விளையாடத் தொடங்கியிருந்தேன். ஒஸ்லோவில் பேஸ்போல் என்றால் நோர்வேக்காரரே ஒருமாதிரிப் பார்ப்பார்கள். வகுப்புத் தோழி போனாள், நானும் போனேன். பந்தை எறியச் சொன்னார்கள். எறிந்ததெல்லாம் மட்டைக்காரரை ஏமாற்றிவிட்டுப் போனது. வேலிக்கு வெளியே நின்ற அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பயிற்சியாளர் ஒரு நோர்வேப் பெண். பதின்மூன்று வயது வரும்வரை எல்லாரும் எல்லா இடத்திலும் நிற்கட்டும், எறிவதற்கென்றே ஒரு பிள்ளையை ஒதுக்கக் கூடாது, கை இன்னும் வளர்கிற கை என்று அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அப்பா நோர்வே மொழியில் தலையாட்டிவிட்டு, காரில் ஏறியதும் தமிழில் அதைத் தள்ளுபடி செய்தார். பரதம் பழகுகிற பிள்ளையை எத்தனை வயதில் கொண்டுபோய் விடுகிறோம்? "ஐஞ்சில வளையாதது ஐம்பதில வளையுமே?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

பின்னேரம் தோறும் கட்டடத்தின் கீழே கார் தரிப்பிடத்தில் எறிந்தேன். அப்பா வேலை உடுப்போடே குந்தியிருந்து பிடிப்பார். பாவம், அவரில் பிழை சொல்ல மாட்டேன். பந்து கையுறையில் படாரென்று விழும்போது அவர் முகம் மலர்கிற விதத்துக்காகவே இன்னும் எறியலாம் போலிருக்கும். பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு வலது முழங்கை நோகத் தொடங்கியது. நான் மூச்சு விடவில்லை. பக்கத்து நகரமான திராமன் பிள்ளைகளோடு உள்ளரங்கில் ஒரு ஆட்டம் வரவிருந்தது, அதில் முதலில் எறிவது என் முறை. தலை பின்னும்போது அம்மா பின்னாலிருந்து நீட்டும் சீப்பை இடக்கையால் வாங்கிக்கொண்டு சமாளித்தேன்.

நவராத்திரி முதல் நாள் பள்ளிக்கூடத்தால் வந்தால், என் பந்தும் கையுறையும் பட்டுத்துணியில் சுற்றிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தன. நான் வைத்த ஒப்பாரியில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, புத்தகங்களையே கடைசியில்தானே வைப்பது, இதென்ன புதுமை என்றார்.

"இஞ்சருங்கோ, நான் நேந்து வைச்சிட்டன்," என்றார் அம்மா, வெங்காயம் வெட்டியபடி. "விஜயதசமிக்கு முன்னம் ஆர் தொட்டாலும் பிள்ளைக்குத்தான் கூடாது."

பயிற்சியாளரைத் தள்ளுபடி செய்யலாம், சரஸ்வதியை எப்படிச் செய்வது? இரவல் கையுறையோடு திராமனுக்குப் போகிறேன் என்று கெஞ்சினேன். நேர்த்தி கைக்கும் சேர்த்துத்தான் என்றுவிட்டார். அந்த ஆட்டத்தில் வேறொருத்தி எறிந்தாள். நான் அம்மாவோடு கதைப்பதை நிறுத்தினேன்.

விஜயதசமியன்று அம்மா பந்தை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, என் கையில் மட்டையைத் தந்தார். ஏடு தொடக்குகிற நாளில் தெரிந்த வித்தையைத் தொடக் கூடாதாம், புதியதைத்தான் தொடங்கவேண்டுமாம். அப்படியொரு சாத்திரம் எந்த ஊரிலும் இல்லை. அதை முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல் சொன்னார், என்ன கெட்டிக்காரி! அப்பா மெல்ல மறுபடியும் ஐந்து, ஐம்பது என்று தொடங்கினார்.

"வளையட்டும். முறியக் கூடாது," என்றார் அம்மா.

அப்பா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு கார் தரிப்பிடத்துக்கு என்னை அவர் கூப்பிடவில்லை. மட்டை பிடித்தேன், மைதானத்தின் எல்லா மூலையிலும் நின்றேன், பதினான்கில் பயிற்சியாளரே பந்தைத் தந்தார். இன்றைக்கும் இந்தக் கை நோகாமல் எறிகிறது என்றால் அது அம்மா போட்ட பிச்சை.

ஆனால் அந்த மார்கழியில் ஒரு காலை நினைவிருக்கிறது. அம்மா தலை பின்னிக்கொண்டிருந்தார். சீப்பை நீட்ட, நான் யோசிக்காமல் பழையபடி வலக்கையை உயர்த்தி வாங்கினேன். பின்னால் அவர் கைகள் அப்படியே நின்றன. பாதிப் பின்னல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது. நேரம் போகுது என்று சினந்தேன். அம்மா முதலிலிருந்து பின்னத் தொடங்கினார். வரவர இவவுக்குத் தலை பின்னவும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.