மேசைக் காலில் கட்டிய வார்

காலை ஏழு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. லோர்கன் அப்போதுதான் ஆட்டுக் கொட்டிலிலிருந்து வந்து, சேறு படிந்த பூட்ஸைக் கழற்ற மனமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பேசியது டிம்ப்னா, மாலக்கியின் அக்கா. அவள் அழவில்லை.

"மாலக்கி போயிட்டான், லோர்கன். பின்னறையில தரையில கிடக்கான். அவன் நாய் நெல் அவன் காலு மேல படுத்துக்கிட்டு யாரையும் கிட்ட விடமாட்டேங்குது. டாக்டர் வந்து கதவுகிட்டயே நிக்கிறாரு. நீ வாப்பா."

எட்டு மணிக்கு அவன் அந்த வீட்டில் இருப்பதாகத்தான் ஏற்கெனவே பேச்சு. அதை அவள் சொல்லிக் காட்டவில்லை.

பேச்சு நடந்தது முந்தின நாள் மாலை. மாலக்கியே கூப்பிட்டிருந்தான். அவனுடைய நாய் நெல் பத்து நாளுக்கு முன்னால் முள்கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டது. கால்நடை மருத்துவரிடம் போகிற பழக்கம் மாலக்கிக்கு இல்லை. மீன்பிடி நரம்பைக் கொதிக்க வைத்து அவனே ஏழு தையல் போட்டிருந்தான். இப்போது அவற்றைப் பிரிக்க வேண்டும். போடும்போது வலியில் மரத்துக் கிடந்த நாய், பிரிக்கப் போனால் நெளிந்தது.

"பிடிச்சுக்க ஒரு கை வேணும். இப்ப வர்றியா?" என்று கேட்டான்.

லோர்கன் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான். பதினெட்டு வருடமாக மாலக்கி தன் நாய்கள் எதன் மேலும் அவனைக் கை வைக்கச் சொன்னதில்லை. மாலக்கி மெல்லச் சிரித்தான்.

"இந்தத் தடவ விட்டுறாதே, என்ன?"

ஒரு ஆடு ஈனப் போகிறது, விட்டுவிட்டு வர முடியாது, காலையில் எட்டு மணிக்கு வருகிறேன் என்று லோர்கன் சொன்னான். சரி, காலையிலேயே வா என்று மாலக்கி வைத்துவிட்டான். லோர்கனின் கொட்டிலில் அன்று எந்த ஆடும் ஈனுவதாக இல்லை.

மாலக்கி ஃபீலி அயர்லாந்தின் லீட்ரிம் மலைச் சாலைகளில் முப்பத்தொரு வருடம் குழி அடைத்தவன். இருபது வயதில் இங்கிலாந்துக்குப் போய் ஆறு வருடம் சுரங்கப்பாதை தோண்டினான். திரும்பி வந்த கப்பலில் அவன் கோட்டுக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது. ஆறு வருடச் சம்பாத்தியம் அதுதான் என்று டிம்ப்னா அவன் இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டிம்ப்னாவின் கணவன் இறந்தபின் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தேவாலயத்தில் கடைசி வரிசை, மதுக்கடையில் கதவோரம், எங்கும் அவனுக்குப் போதுமான இடம் அவ்வளவுதான். ஆனால் மார்ச் மாதம் வந்துவிட்டால் மலையில் ஆடு வைத்திருக்கிற அத்தனை பேரும் அவனைத் தேடுவார்கள். பிறந்து ஈரம் காயாத குட்டியை நரி தூக்கிக்கொண்டு போகிற மாதம் அது. சின்ன டெரியர் நாய் வளைக்குள் இறங்கி நரியைக் கிளப்பும். வெளியே பாய்ந்து வருகிற நரியைப் பிடிக்கிற வேலை லர்ச்சருடையது.

லர்ச்சர் என்றால் பாதி கிரேஹவுண்ட் என்ற ஓட்ட நாய். மீதிப் பாதி எது என்பதில்தான் மனிதர்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். மாலக்கி சண்டை போட்டதில்லை. ஒவ்வொரு கலப்பையும் ஏழெட்டு வருடம் வைத்திருந்து பார்த்தான். கப்பலில் வந்த குட்டியின் பெயர் பின். பெட்லிங்டன் டெரியரும், விப்பெட் என்ற குட்டி ரக கிரேஹவுண்டும் கலந்தது, முழங்கால் உயரம். வேலிக்குள்ளும் புதருக்குள்ளும் நரி எத்தனை முறை திரும்பினாலும் கூடவே திரும்பும். பிடித்த பிறகுதான் அதன் கஷ்டம். நரியை அமுக்க அதற்கு எடை போதாது. கடைசியில் ஒற்றைக் காதோடுதான் செத்தது. அடுத்ததன் பெயர் பிஷப், டீர்ஹவுண்ட் என்ற மான்வேட்டை நாயின் கலப்பு. கன்றுக்குட்டி உயரம். முதல் வயலில் மாட்டினால் நரிக்கு ஆயுசு அவ்வளவுதான். மூன்றாவது வேலி வந்தால் பிஷப் நின்று யோசிக்க ஆரம்பித்துவிடும்.

மனிதர்களையும் அவன் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தான். பாதிரியார் டீர்ஹவுண்ட், பார்க்கக் கம்பீரம், ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். டிம்ப்னா பெட்லிங்டன், எந்த மூலைக்குள் ஒளிந்தாலும் வந்துவிடுவாள். ஒரு நாள் லோர்கன் தன்னைப் பற்றிக் கேட்டான்.

"நீ புல் டெரியர் கலப்புடா," என்றான் மாலக்கி. "பாத்தா நேரா போய் முட்டுவே. சுத்திப் போறதுன்னா என்னன்னு உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

லோர்கன் அப்போது வைத்திருந்ததும் புல் டெரியர் கலப்புதான். டியூக் என்று பெயர். விட்டால் கோடு போட்டது போல நேராகப் போகும், வாய் வைத்தால் எடுக்காது. முதல் நூறு கெஜத்துக்குள் நரி கிடைத்தால் அதை மிஞ்ச ஆளில்லை. மாலக்கியிடம் அந்த நாளில் சில்க் இருந்தது. சலூக்கி என்ற பாலைவன ஓட்ட நாயின் கலப்பு, மணல் நிறம், காதில் பட்டு போன்ற மயிர். அதற்கு அவசரம் என்பதே கிடையாது. நரியை அகலமாக வளைத்துத் திறந்த வெளிக்குத் தள்ளும். இரண்டு முறை, மூன்று முறை திருப்பும். நரிக்கு மூச்சுத் திணறும்போது குனிந்து பூப் பறிப்பது போல எடுக்கும். அந்தக் குளிர்காலத்தில் கிடைத்த பதினொரு நரியில் எட்டு சில்க்குடையது. மதுக்கடையில் அதை ஒவ்வொருவனும் லோர்கனிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு நரிக்கு ஒரு நாய். நரி யார் பக்கம் கிளம்புகிறதோ அவன் தன் நாயின் கழுத்து வாரை அவிழ்ப்பான், மற்றவன் தன் நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் நரி மஞ்சள் முட்புதரிலிருந்து மாலக்கியின் பக்கம் கிளம்பியது. சில்க் போனது. வயலின் மேல் கோடியில் நரியை வளைத்து, கீழே லோர்கன் நின்ற பக்கமாகத் திருப்பியது. நரி அவனுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. டியூக் பின்னங்காலில் எழுந்து வாரை இழுத்தது. உறைபனியில் விரல்கள் மரத்திருந்தன. அது உண்மைதான். ஆனால் விரல்கள் தாமாகத் திறக்கவில்லை. அவன் திறந்தான்.

இரண்டு நாய்களும் நரியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நரி கடைசி நொடியில் பக்கவாட்டில் ஒதுங்கியது. நாய்கள் இரண்டும் நேருக்கு நேர் மோதின. அந்தச் சத்தத்தை லோர்கன் அதன்பின் எத்தனையோ இடங்களில் கேட்டான். கொட்டில் கதவு காற்றில் அடிக்கும்போது கேட்டான், விறகு பிளக்கும்போது கேட்டான், ஒருமுறை பூசையின் நடுவே யாரோ மண்டியிடும் பலகையைத் தவற விட்டபோதும் கேட்டான். டியூக் தள்ளாடி எழுந்தது. சில்க் எழவில்லை. அதன் கழுத்து ஒடிந்திருந்தது.

வார் நழுவிவிட்டது, கை மரத்துப் போச்சு என்று லோர்கன் சொன்னான். மாலக்கி அவன் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வெறும் சட்டையோடு பனியில் வீட்டுக்கு நடந்தான்.

லோர்கன் டியூக்கைப் பக்கத்து மாவட்டமான காவனில் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு லர்ச்சர் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மார்ச்சில் மாலக்கி வழக்கம் போல வந்து அவன் கதவைத் தட்டினான். "நீ மண்வெட்டிய எடுத்துக்க," என்றான். அவ்வளவுதான். பதினெட்டு மார்ச்சுகள் லோர்கன் மண்வெட்டியையும் தன் டெரியரையும் சுமந்தான். ஒரே குடுவையில் தேநீர் குடித்தார்கள், ஒரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டார்கள், சிரித்தார்கள். வார் மட்டும் கை மாறவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மார்ச்சிலும் நினைப்பான். மலை இறங்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போடுவான். இறங்கியதும் வீடு வந்துவிடும்.

லோர்கன் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் இன்னும் கதவருகேதான் நின்றார், மாரடைப்பாகத்தான் இருக்கும் என்றார். பின்னறையில் தாழ்ந்த முக்காலி கவிழ்ந்து கிடந்தது. மாலக்கி சுவரோரம் சரிந்திருந்தான், கண்ணாடி மூக்கில் அப்படியே இருந்தது. வலது கைக்குப் பக்கத்தில் டிம்ப்னாவின் சின்னக் கத்தரிக்கோல். நெல் அவன் முழங்கால்களின் மேல் நீளமாகப் படுத்திருந்தது. நாய் பல்லால் தையலை இழுக்க ஆரம்பித்திருக்க வேண்டும், அதனால்தான் எட்டு மணி வரை பொறுக்கவில்லை என்று டிம்ப்னா சொன்னாள். நாயின் கழுத்து வாருக்கு மறுமுனை எங்கே என்று லோர்கனின் கண் தேடியது. அது மேசைக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாதவன் செய்கிற காரியம்.

அவன் மண்டியிட்டான். நெல் உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டியது. அவன் கையை நீட்டி அப்படியே வைத்திருந்தான். நாய் அந்தக் கையை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தலையைத் தொங்கப் போட்டது. அவன் முடிச்சை அவிழ்த்து வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். எதையும் அவ்வளவு இறுக்கமாக அவன் பிடித்ததில்லை. மாலையில் பார்த்தபோது உள்ளங்கையின் குறுக்கே சிவந்த தடம் இருந்தது.

மறுநாள் முன்னறையில் மாலக்கியைக் கிடத்தியிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. ஊர் வந்து அவன் கையைத் தொட்டுவிட்டு, டிம்ப்னாவிடம் வருத்தம் சொல்லிவிட்டு, சமையலறையில் தேநீரும் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் சாப்பிட்டது. அவன் யாரை எந்த நாய்க் கலப்பு என்று சொன்னான் என்பதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பாதிரியாரும் சிரித்தார். கூட்டம் குறைந்தபோது டிம்ப்னா பாத்திரம் கழுவ நின்றாள், லோர்கன் துடைத்தான். ஐந்தாவது கோப்பையைத் துடைக்கும்போது அவன் வாயைத் திறந்தான்.

"அந்த வார் நழுவல, டிம்ப்னா. நான்தான் விட்டேன்."

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும். நாயத் தூக்கிட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டான், லோர்கன்தான் விட்டுட்டான்னு. கேக்க வேண்டியதுதானேடான்னேன். அவனா வந்து சொல்வான், நரி எங்க போனாலும் கடைசியில வளைக்குத்தானே வரணும்னான்." தட்டு ஒன்றை அலசியபடி, "ஒவ்வொரு மார்ச்சும் நீங்க ரெண்டு பேரும் எறங்கி வர்றப்ப உன் மூஞ்சியத்தான் பாப்பேன், லோர்கன். சொல்லிட்டியான்னு," என்றாள்.

அவன் கோப்பையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். கையில் எடுத்தது ஏற்கெனவே துடைத்ததுதான்.

நாயை நீயே வைத்துக்கொள் என்றாள் டிம்ப்னா. அதில் உத்தரவு எதுவும் இல்லை. தன்னால் முடியாது என்பதால் சொன்னாள்.

நெல் மேய்ப்பு நாயான கோலியின் கலப்பு. மாலக்கி வைத்திருந்ததிலேயே வேகம் குறைந்தது அதுதான், அவனுக்குக் கடைசி வரை பிடித்ததும் அதுதான். மற்ற நாய்கள் நரியைத் துரத்தும். நெல் துரத்தாது. ஒரு கணம் நின்று காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, யாருமே எதிர்பார்க்காத ஒரு சுவர் இடைவெளிக்குப் போய் உட்காரும். கொஞ்ச நேரத்தில் நரி அந்த இடைவெளிக்கே வரும். ஒன்பது வருடத்தில் அது தப்பான இடத்தில் உட்கார்ந்ததில்லை என்று மாலக்கி சொல்வான்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு நெல் லோர்கனின் மேல் வயலில், மாலக்கியின் வீட்டுக் குறுக்குப் பாதை வந்து சேர்கிற சுவர் இடைவெளியில் போய் உட்கார்கிறது. லோர்கன் ஜன்னலில் நின்று பார்க்கிறான். அதைக் கூப்பிடுவதில்லை. பாதையைப் பார்க்கவும் அவனுக்குத் தைரியம் வருவதில்லை. எட்டு மணி வரை இருந்துவிட்டு நாய் தானாகத் திரும்பி வரும். லேசாக நொண்டும்.

டிம்ப்னா கத்தரிக்கோலைத் துடைத்து, ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள். அது அடுப்பின் மேல் பலகையில் இருக்கிறது. அடக்கம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மாலக்கி மூன்று தையல் பிரித்திருந்தான். நாலு இன்னும் காலிலேயே இருக்கின்றன.