நாலாம் நாற்காலியில் பட்டன்

அந்த வார்டில் எல்லோரும் அவளைப் பார்சல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் பார்சல் பிரித்தவள். எந்தப் பொட்டலம் எந்தத் தட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் கைக்கே தெரியும். வாய்க்கு அங்கே வேலை இருந்ததில்லை. "என் பெண்டாட்டி ஊமை இல்லைங்க, சிக்கனம்" என்பார் புருஷன்.

அவர் பூட்டு ரிப்பேர்காரர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று மத்தியானம், நாலு நாலு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு உட்கார வேண்டியதாயிற்று. அவளும் கூடவே உட்கார்ந்தாள்.

சுவரோரமாக நாலு சாய்வு நாற்காலிகள். கதவுப் பக்கம் முதலில் டீச்சர், இரண்டாவதில் அவள் புருஷன், மூன்றாவதில் கப்பல்காரர், கடைசியில் லாரிக்காரர். கப்பலில் முப்பது வருஷம் சமைத்த கப்பல்காரர்தான் போக்கர் என்ற சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு கையில் ஊசி இருந்ததால் யாராலும் சீட்டைக் கலைக்க முடியாது. அந்த வேலை அவளுக்கு வந்தது. காசு கிடையாது, மருந்து பாட்டிலின் சிவப்பு, நீல மூடிகள்தான் பந்தயம்.

"சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கண்ணை மூடிக்கிட்டுப் பந்தயம் வைக்கணும். அதுதான் பிளைண்ட். ஒருத்தர் சின்னது, அடுத்தவர் பெரிசு" என்று கப்பல்காரர் சொல்லிக்கொடுத்தார். சின்னதுக்கு முந்தின ஆளிடம் பட்டன் இருக்கும். பழைய கோட்டிலிருந்து வெட்டிய பெரிய கறுப்புப் பட்டன் அது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் கடைசியாகப் பேசலாம். அது ஒரு சௌகரியம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்றும் ஒவ்வொரு ஆள் தள்ளிப் போகும்.

மெஷின் நிற்கும்போது பட்டன் எங்கே, பெரிய பிளைண்ட் யார் என்று அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். ஆட்டம் பாதியில் நின்றால் எதனால் என்றும் எழுதுவாள்.

ஒருநாள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். லாரிக்காரருக்குத் திடீரென்று பல் கிட்டியது. மூன்று போர்வை போட்டும் நாற்காலியே ஆடியது. 'லாரிக்காரருக்குக் குளிர். ஆட்டம் நின்றது' என்று எழுதினாள். மெஷின் பார்க்கும் டெக்னீஷியன் ஊசி போடச் சொல்லிவிட்டு, "சிலருக்கு இப்படித்தான் வரும்க்கா" என்றான். மறு வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரம் கப்பல்காரருக்கும் சேர்த்து வந்தது. எல்லாவற்றையும் எழுதினாள்.

பிறகு ஒரு மத்தியானம் நாலாம் நாற்காலி காலியாக இருந்தது. லாரிக்காரர் ஐ.சி.யூ.வில் என்றார்கள். இரண்டு நாளில் அவர் போய்விட்ட செய்தி வந்தது.

அவள் சீட்டுக்கட்டைப் பைக்குள் வைக்கப் போனாள். கப்பல்காரர்தான், "சீட்டைப் போடும்மா. சும்மா உட்கார்ந்திருந்தா அவரையேதான் நினைச்சிட்டிருப்போம்" என்றார்.

நோட்டில், கடைசி ஆட்டத்தில் பட்டன் அவள் புருஷனிடம். சின்னது கப்பல்காரர், பெரியது லாரிக்காரர்.

"பெரிசு இப்ப டீச்சருக்கு வருது. சின்னது லாரிக்காரர் வைக்கணும், ஆள் இல்லை. அதனால இந்த ஆட்டத்துல சின்னது கிடையாது. பட்டன் என்கிட்ட" என்றார் கப்பல்காரர்.

அடுத்த ஆட்டத்துக்குப் பட்டனை அவள் டீச்சரிடம் நகர்த்தப் போனாள்.

"அங்கே இல்லம்மா. காலி நாற்காலிக்குத்தான் போகணும்."

"ஆளே இல்லையே" என்றார் புருஷன்.

"ஆள் இல்லைன்னாலும் முறை இருக்கு. இல்லாதவரைத் தாண்டிப் பட்டனைத் தூக்கிப் போட்டா, யாரோ ஒருத்தர் பிளைண்ட் வைக்காமத் தப்பிச்சிடுவார். பெரிய பிளைண்ட் யாரையும் தாண்டிப் போகாது. ஒரே ஆள்கிட்ட அடுத்தடுத்தும் வராது."

அவள் எழுந்து போய் வெறும் நாற்காலியின் நடுவில் பட்டனை வைத்தாள். ரெக்சின் சில்லிட்டிருந்தது. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் நாலாம் இடத்தை எடுத்துவிட்டு மூன்று பேராக ஆடினார்கள். "இப்பல்லாம் பெரிசு சீக்கிரமே திரும்பி வந்துடுது" என்று டீச்சர் ஒரு தடவை முணுமுணுத்தார்.

பத்தாம் நாள் கப்பல்காரர் ஆட்டத்தின் நடுவிலேயே சரிந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அன்றைக்கே அவள் புருஷனும் போர்வை கேட்டார். "லேசா இருக்கு, ஒண்ணுமில்லை" என்றார்.

அடுத்த முறை சீக்கிரமே வந்துவிட்டார்கள். மெஷின்கள் இன்னும் கழுவப்பட்டுக்கொண்டிருந்தன. டீச்சர் கேட்டார்: "ரெண்டே பேர்னா பட்டன் யாருக்கு?"

கப்பல்காரர் முன்னே எப்போதோ சொல்லியிருந்தார்: இருவர் மட்டும் என்றால் பட்டன் வைத்திருப்பவரே சின்னது வைக்க வேண்டும், மற்றவர் பெரிசு. கடைசியாகப் பெரிசு வைத்தது யார் என்று பார்க்க அவள் நோட்டைத் திருப்பினாள். கப்பல்காரர். அப்படியானால் இப்போது டீச்சர் பெரிசு. பட்டனும் சின்னதும் தன் புருஷனுக்கு.

ஆனால் அவள் கண் அங்கே நிற்கவில்லை. பக்கங்களின் ஓரத்தில் தன் கையெழுத்து. குளிர், குளிர், குளிர். லாரிக்காரருக்கு நாலு தடவை. கப்பல்காரருக்கு மூன்று. புருஷனுக்கு ஒன்று. டீச்சருக்கு ஒன்றுகூட இல்லை. பார்சல் தட்டுகளைப் பார்ப்பது போல் நாற்காலிகளைப் பார்த்தாள். கடைசியிலிருந்து கதவை நோக்கி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது.

டெக்னீஷியன் ஊசியோடு வந்தான். அவள் புருஷனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, இவருக்கு இன்னைக்கு மாட்டாதீங்க. தண்ணியைப் பாருங்க."

"எந்தத் தண்ணிக்கா?"

"எல்லா மெஷினுக்கும் ஒரே குழாயில போற தண்ணி. கடைசி நாற்காலியில இருந்துதான் நோவு வருது." நோட்டை நீட்டினாள்.

அவன் புரட்டினான். "சீட்டாட்டக் கணக்கை வச்சு மெஷினைக் குறை சொல்றீங்களா? ஒரு தடவை தவறினா இவருக்கு மூச்சு முட்டும். யார் பொறுப்பு?"

"நான்."

இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் அவள் அப்படிப் பேசியதில்லை. புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். டீச்சரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் வேண்டாம் தம்பி. முதல்ல பாருங்க" என்றார்.

அவன் சலிப்போடு டார்ச்சை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் குனிந்தான். சுவரோரம் ஓடிய குழாய் நாலாம் நாற்காலியோடு முடியவில்லை. துணி அலமாரிக்குப் பின்னாலும் போயிற்று. போன வருஷம்வரை அங்கே ஐந்தாவது நாற்காலி ஒன்று இருந்ததாம். அதை எடுத்தவர்கள் குழாயை எடுக்கவில்லை. முனையில் மூடி போட்டு விட்டுவிட்டார்கள். ஒரு வருஷமாக உள்ளே தண்ணீர் ஓடாமல் நின்றிருக்கிறது.

அவன் மூடியைத் திருகினான். பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ வழிந்தது. அழுகின வாடை அறை முழுக்கப் பரவியது. அவன் வெகுநேரம் நிமிரவே இல்லை. எழுந்து டார்ச்சை அணைத்தான். "அக்கா, வெளியே போய் உட்காருங்க. எல்லாரும்" என்றான்.

வேறு ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க ராத்திரி ஆகிவிட்டது. அதற்குள் புருஷனுக்குக் கால் வீங்கி, துருத்தி மாதிரி மூச்சு இழுத்தது. தான் செய்தது சரிதானா என்று ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பிழைத்துக்கொண்டார். டீச்சரும்தான். கப்பல்காரர் ஐந்து வாரம் கழித்து வீட்டுக்குப் போனார். தொண்டையில் குழாய் போட்டதில் குரல் போனது போனதுதான்.

பழைய வார்டின் கதவில், பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். விசாரணைக்கு நோட்டைக் கேட்டார்கள். பிரதி எடுத்துக் கொடுத்தாள், நோட்டைக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து லாரிக்காரரின் மனைவி வீடு தேடி வந்தாள். சின்ன வயது. அந்த நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தேதியிலும் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"முதல் குளிர் இந்தத் தேதியிலதானேக்கா?"

"ஆமாம்மா."

"அவர் போனது இதுக்கு அஞ்சு வாரம் கழிச்சு." விரலை எடுக்காமலே கேட்டாள். "அஞ்சு வாரமா எழுதிக்கிட்டே இருந்திருக்கீங்க. யார்கிட்டயும் சொல்லலையா?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். புருஷன் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பார்சல் அக்கா இல்லை என்று தலையசைத்தாள்.

வந்தவள் நாலு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். நோட்டை மூடி நேராக வைத்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள்.